பாட்டுக்கும் ஓர் இப்படிக்கு

சங்கராபுரம் பேருந்து நிலையத்தில் இறங்கி மலர்விழி வீடு எங்கே என்று விசாரித்தால், எந்த மலர்விழி என்று திருப்பிக் கேட்பார்கள். ஊரில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். கரோக்கி மலர்விழி என்று சொன்னால் போதும், பெட்டிக்கடைக்காரர் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு வழி காட்டுவார். காட்டும்போதே, போன தை மாதம் மச்சான் மகள் கல்யாணத்தில் தான் பாடிய பாட்டையும் சொல்லிவிடுவார். இந்த வட்டாரத்தில் நாற்பதைத் தாண்டிய ஆண்களில் பாதிப் பேரைப் பாடகர்களாக்கிய பாவம் மலர்விழியைத்தான் சேரும்.

அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. பாடத் தெரியாது, அதை அவளே முதலில் சொல்லிவிடுவாள். தெரிந்ததெல்லாம் டைப் அடிக்க. தாலுகா ஆபீசுக்கு எதிரில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் பன்னிரண்டு வருஷம் மனு அடித்தாள். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை, அண்ணன் தம்பி வரப்புத் தகராறு என்று ஊர்க் குறை முழுக்க அவள் விரல் வழியாகத்தான் அரசாங்கத்துக்குப் போனது. ஜனங்கள் மூலப் பத்திரத்தையே அவளிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு காகிதம் காணாமல் போனதில்லை. இதை அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசக் கூடாது, கோபம் வரும்.

பாட்டுக்கு அவள் வந்தது ஒரு காதுகுத்தில். நாத்தனார் வீட்டு விசேஷம். யாரோ டிவியில் கரோக்கி போட்டார்கள். இசை மட்டும் வந்தது. பாட வேண்டிய வரிகள் திரையில் ஓடின, ஆனால் தமிழ்ப் பாட்டு ஆங்கில எழுத்தில். மைக்கைப் பிடித்த பஸ் கண்டக்டர் ஒருவர் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் சரணம் முடிந்துவிட்டது. கூட்டம் சிரித்தது. மனிதர் மைக்கை வைத்துவிட்டு இறங்கிப் போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். மலர்விழிக்கு அது பொறுக்கவில்லை. அடுத்த வாரமே அந்தப் பாட்டைத் தமிழில் அடித்து, இசையோடு சேர்த்து, கண்டக்டரை வீட்டுக்கு வரவழைத்துப் பாட வைத்தாள். அவர் பாடிய லட்சணம் வேறு விஷயம்.

அந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். ஒவ்வொரு சொல்லும் பாட வேண்டிய நேரத்தில் வெள்ளையிலிருந்து மஞ்சளாக மாற வேண்டும். அதற்காகப் பாட்டை ஓடவிட்டு, சொல்லுக்குச் சொல் ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே வர வேண்டும். ஒரு பாட்டுக்கு ஒரு பகல் போய்விடும். கம்ப்யூட்டர் தானே செய்துகொள்கிற வழியும் இருக்கிறது, அவள் ஒப்புவதில்லை. நம் ஊர் ஆட்கள் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார்கள் என்று கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும் என்பாள். எட்டு வருஷத்தில் இப்படி முந்நூறு பாட்டுக்கு மேல் சேர்த்துவிட்டாள். கணவன் கந்தசாமி சொந்தமாகச் சரக்கு வண்டி ஓட்டுபவன். ஸ்பீக்கரையும் திரையையும் அதில் ஏற்றிக்கொண்டு இருவரும் கிளம்பினால், ஒரு முகூர்த்த நாளில் கச்சிராயபாளையத்தில் ஒன்று, கள்ளக்குறிச்சியில் ஒன்று என்று இரண்டு வரவேற்பைக்கூடப் பார்த்துவிட்டு வருவார்கள்.

இனி அவளுக்கு நோட்டீஸ் வந்த வாரத்துக்கு வருவோம்.

வாரக் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை மாலை கள்ளக்குறிச்சி மண்டபம் ஒன்றில் வரவேற்பு, பாட்டுக்கு மலர்விழியைப் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை சங்கராபுரம், பெண் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துக் கிராமம். மாப்பிள்ளையின் நண்பன் சந்தோஷ் ஊர் வழக்கப்படி ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தான். நண்பர்கள் ஃப்ளெக்ஸ் வைக்காவிட்டால் இங்கே கல்யாணம் செல்லாது என்று ஒரு நினைப்பு. ஆனால் சந்தோஷுக்குக் கை கொஞ்சம் தாராளம். 'கல்லை குலுங்கப் போகுது! மாபெரும் கரோக்கி இன்னிசைத் திருவிழா! அனைவரும் வருக! அனுமதி இலவசம்!' என்று, கள்ளக்குறிச்சியைக் கல்லை ஆக்கி அடித்து, நடுவில் மலர்விழி மைக் பிடித்த படத்தை ஆள் உயரத்துக்குப் போட்டு, அவள் போன் நம்பரையும் போட்டுவிட்டான். மணமக்கள் பெயர் அடியில், ஃப்ளெக்ஸ் அடித்த பிரிண்டர் நம்பருக்கு மேலே, அதே அளவு எழுத்தில் இருந்தது. அதைப் படம் பிடித்து யார் யாரோ முகநூலில் போட்டார்கள்.

புதன்கிழமை மலர்விழியின் வாட்ஸப்புக்கு நாலு பக்கம் வந்தது. பாட்டுகளின் உரிமையைப் பார்த்துக்கொள்கிற சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து நோட்டீஸ், முழுக்க ஆங்கிலம். மலர்விழிக்கு ஆங்கிலம் அடிக்க வரும், ஆனால் சட்ட ஆங்கிலம் புரியும் என்று சொல்ல முடியாது. போனில் மொழிபெயர்க்கப் போட்டாள். போன் அதைப் படித்துவிட்டு, பைரசி என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு, அனுமதி பெறாமல் நிகழ்ச்சி நடத்துவது கடற்கொள்ளை ஆகும், கடற்கொள்ளையில் ஈடுபட்டால் வழக்கு, கணினி பறிமுதல் என்று தமிழில் சொன்னது.

எட்டிப் படித்த கந்தசாமி சிரித்துவிட்டான். "கடற்கொள்ளையா? நாம கோமுகி டேம்ல கூட எறங்குனது இல்லியே மலரு."

மலர்விழி சிரிக்கவில்லை. கடல் எப்படியோ போகட்டும், கொள்ளை என்ற சொல் அவளை அறைந்துவிட்டது. ஊரார் பத்திரத்தையெல்லாம் நம்பிக் கொடுத்த கையைப் பார்த்துத் திருட்டுக் கை என்று யாரோ எழுதி அனுப்பியிருக்கிறார்கள். சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் மண்டப மேனேஜர் தனசேகரன் போன் செய்தார். நல்ல மனிதர்தான், ஆனால் காக்கிச் சட்டையைக் கண்டால் தபால்காரர் என்றாலும் எழுந்து நிற்பார்.

"மலர்விழி, எனக்கும் ஒரு காப்பி வந்துகீதும்மா. மண்டபத்து மேலயும் கேஸ் போடுவோம்னு எழுதிகிறாங்க. நீ தப்பா நெனச்சிக்காத. லைசென்ஸ் எடு, இல்லன்னா அவங்ககிட்டயே ஒரு லெட்டரு வாங்கியா. இல்லன்னா ஞாயித்துக்கெழம உன் வண்டிய உள்ள வுட முடியாது."

"அண்ணா, வாக்கு குடுத்துட்டங்கண்ணா. பொண்ணு வூட்டுக்காரங்க மலையில இருந்து வராங்க."

"நான் இன்னாம்மா பண்ணட்டும். மத்த மண்டபத்துக்காரங்களும் கேக்கறாங்க. வெள்ளிக்கெழம வரிக்கும் பாக்கறேன், அதுக்கு மேல குரூப்ல போட்டுடுவேன்."

மண்டப மேனேஜர்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. அதில் ஒருவர் வேண்டாம் என்று போட்டால் உளுந்தூர்பேட்டை வரைக்கும் எந்த மண்டபத்திலும் மலர்விழிக்கு வழி கிடையாது. வேண்டாம் என்பதோடு காரணமும் போடுவார்கள். அந்தக் காரணம் திருட்டு என்றுதான் இருக்கும்.

வியாழக்கிழமை முழுக்க அவள் தன்னையே விசாரணை செய்தாள். அவளிடமிருந்த இசை டிராக்குகளில் பாதிக்கு மேல் பாண்டிச்சேரியில் ஒரு கீபோர்டுக்காரர் தானே வாசித்துப் பதிவு செய்து, அனுமதியோடு விற்பது. ரசீதோடு வாங்கியவை. மீதி இணையத்தில் சும்மா கிடைக்கிறது என்று இறக்கியவை. சும்மா கிடந்தால் யாருடையதும் இல்லை என்று ஆகிவிடுமா? ரோட்டோரம் கிடந்த பத்திரத்தை அவள் அப்படி எடுத்து வந்திருப்பாளா? இந்தக் கேள்வி இத்தனை வருஷமாக ஏன் வரவில்லை என்று தன் மேலேயே எரிச்சல் பட்டாள். கந்தசாமியோ எல்லாவற்றையும் அழித்துவிட்டு மாடு வாங்கலாம் என்று யோசனை சொன்னான். அவன் எந்தக் கஷ்டத்துக்கும் மாட்டைத்தான் மருந்தாகச் சொல்வான்.

அன்றைக்கென்று பார்த்து பெண்ணின் அப்பா பொன்னுரங்கம் மலையிலிருந்து கூப்பிட்டார். மரவள்ளி பயிரிடுகிறவர். மகள் தனுஷா கல்யாணத்தில் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று ஒரு மாதமாகக் காட்டில் பாடிக்கொண்டிருக்கிறார்.

"ஏம்மா, ஞாயித்துக்கெழம எம்பாட்டு மொதல்ல வருமா, பின்னால வருமா? எம்பொஞ்சாதி ரங்கம்மா கேக்கச் சொல்லிச்சு. எங்க சனம் பஸ்ஸு புடிக்கணும், சீக்கிரம் எறங்கிடுவாங்க."

"மொதல்லயே வச்சிடலாங்கய்யா" என்றாள் மலர்விழி. சொல்லிவிட்டு போனை மடியில் வைத்துக்கொண்டாள். இல்லாத ஒன்றை வாக்காகக் கொடுத்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு, நோட்டீசின் அடியில் இருந்த எண்ணுக்குப் போட்டாள். கந்தசாமி வக்கீலைப் பார்க்கலாம் என்றான். நான் திருடியிருந்தால் வக்கீல், இல்லையென்றால் நானே பேசுகிறேன் என்று சொல்லிவிட்டாள். எதிர்முனையில் ஒரு பெண் குரல், சென்னைத் தமிழ். பொறுமையான பெண்தான். நோட்டீஸ் எண்ணைக் கேட்டுக்கொண்டு, எடுத்த எடுப்பில் பாட்டுகளின் பட்டியல் வேண்டும் என்றாள்.

"ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதினவர் பேர், இசையமைச்சவர் பேர் சொல்லுங்க மேடம், நான் குறிச்சிக்கிறேன்."

மலர்விழி லேப்டாப்பைப் பார்த்தாள். முந்நூறு பாட்டையும் கதாநாயகர் பெயர் வாரியாகத்தான் ஃபோல்டர் போட்டு வைத்திருந்தாள். மண்டபத்தில் யாரும் வேறு எப்படியும் கேட்பதில்லை. அந்த நடிகர் பாட்டு ஒன்று, இந்த நடிகர் பாட்டு ஒன்று என்றுதான் வந்து நிற்பார்கள்.

"எங்கிட்ட ஹீரோ பேருதாங்க இருக்குது" என்றாள்.

"ஹீரோ வேணாம் மேடம். எழுதினவர்."

"படத்துல அவருதாங்க பாடுவாரு."

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "அவர் வாயசைச்சிருப்பார் மேடம். யாரோ ஒருத்தர் உக்காந்து எழுதியிருப்பாங்க இல்லையா?"

மலர்விழிக்கு முகம் சூடாகிவிட்டது. பன்னிரண்டு வருஷம் அவள் அடித்த மனுக்களில் ஒன்றுகூட 'இப்படிக்கு' இல்லாமல் வெளியே போனதில்லை. கைநாட்டு வைக்கிறவர் என்றாலும் இப்படிக்கு என்று அடித்து, கீழே அவர் பெயரை அடித்து, பெயர் சரியா என்று வாசித்துக் காட்டித்தான் கொடுப்பாள். பெயர் இல்லாத மனுவைக் குப்பையில் போடுவார்கள் என்று சண்டை போட்டிருக்கிறாள். முந்நூறு பாட்டை எழுத்து எழுத்தாக அடித்திருக்கிறாள், ஒன்றில்கூட இப்படிக்கு இல்லை. பாட்டை எழுதியவர்களின் கடிதாசியை வாங்கிப் பெயரைக் கிழித்துவிட்டு ஊரெல்லாம் வாசித்துக் காட்டியிருக்கிறாள். நோட்டீசில் இருந்த எந்த வார்த்தையையும்விட இது அவளுக்கு வலித்தது.

"பேரு கண்டுபுடிச்சிச் சொல்றங்க" என்றாள்.

"சரி மேடம். எத்தனை பேர் வருவாங்க? டிக்கெட் உண்டா? அனுமதி இலவசம்னு போட்டிருக்கீங்க."

"கல்யாணத்துக்கு யாருங்க டிக்கெட்டு போடுவாங்க. பத்திரிக வச்சவங்க எல்லாம் வருவாங்க."

"எந்தக் கல்யாணம்?"

"ஞாயித்துக்கெழம கல்யாணங்க. நீங்க நோட்டீசு போட்டிங்களே, அதுதான்."

"மேடம், நாங்க நோட்டீஸ் போட்டது கல்லை கரோக்கி இன்னிசைத் திருவிழாவுக்கு. பொதுக் கச்சேரி. ஃப்ளெக்ஸ் போட்டோ என் முன்னாடி இருக்கு, உங்க படம்தான் இருக்கு."

"கொஞ்சம் அடியில பாருங்க. பிரிண்டர் நம்பருக்கு மேல."

எதிர்முனையில் மவுஸ் தட்டும் சத்தம் கேட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறாள் போல. பிறகு ஒரு சிரிப்பு, அடக்க முயன்று முடியாமல் வந்த சிரிப்பு. "மாப்பிள்ளை பேரே இப்பதான் தெரியுது" என்றாள். கல்யாணப் பத்திரிகையை அனுப்பச் சொன்னாள். மஞ்சள் தடவிய நாலு மூலையும் தெரிய மலர்விழி அதைப் படம் எடுத்து அனுப்பினாள்.

மதியம் மூன்று மணிக்குப் பதில் வந்தது. அந்தப் பெண் கருணை பண்ணித் தமிழிலேயே எழுதியிருந்தாள். கல்யாணத்துக்கும், கல்யாண ஊர்வலத்துக்கும், அதையொட்டிய கொண்டாட்டங்களுக்கும் பாட்டுப் போட லைசென்ஸ் தேவையில்லை என்று காப்பிரைட் சட்டத்திலேயே இருக்கிறது, ஆகவே நோட்டீசைத் திரும்பப் பெறுகிறோம். ஓட்டலிலோ டிக்கெட் வைத்தோ நடத்தினால் லைசென்ஸ் கட்டாயம். டிராக்கை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பது தனி விஷயம், உரியவர்களிடம் வாங்கியதையே பயன்படுத்துவது நல்லது. அவ்வளவுதான் கடிதம்.

மலர்விழி இரண்டு தடவை படித்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மூன்று நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போனது. வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த கந்தசாமி சத்தம் கேட்டு, ஈரக் கையோடு ஓடி வந்தான்.

"இன்னா, லேப்டாப்ப தூக்கிக்கினு போறாங்களா?"

அவள் போனை நீட்டினாள். அவன் கடைசி வரி வரை படித்துவிட்டு, "அப்ப மாடு வாங்க வேணாம்" என்றான். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் சொன்னான்.

தனசேகரன் கடிதத்தைப் பார்த்த பத்தாவது நிமிஷம் குரூப்பில் போட்டுவிட்டார், ஏதோ அவரே சட்டத்தைத் தேடி எடுத்த மாதிரி. சந்தோஷ் போன் செய்து, "ஒரு கெத்துக்குத்தான் அக்கா போட்டேன்" என்று இழுத்தான். வீட்டுக்கு வந்தால் உன் கெத்தை எடுக்கிறேன் என்று மலர்விழி சொன்னாள், ஆனால் குரலில் கோபம் இல்லை. கோபப்படுவதற்கு அன்று அவளால் முடியவில்லை. மூன்று நாள் சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, பட்டப் பகலில் ஒரு மணி நேரம் தூங்கினாள். எழுந்ததும், ஞாயிறுதோறும் பாட்டு நடத்தித் தரச் சொல்லிக் கேட்டிருந்த நெடுஞ்சாலை ஓட்டல்காரரைக் கூப்பிட்டு, நீங்கள் லைசென்ஸ் எடுங்கள், அப்புறம் வருகிறேன் என்று சொன்னாள்.

சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தாள். வரவேற்புக்கு முப்பத்தோரு பாட்டு வைத்திருந்தாள். சும்மா இறக்கியவை அதில் பன்னிரண்டு. அவற்றைத் தூக்கித் தனியே வைத்தாள். மீதிப் பத்தொன்பதுக்கும் எழுதியவர் யார், இசை யார் என்று தேடத் தொடங்கினாள். படங்களின் பெயர் ஓடும் இடத்தை நிறுத்தி நிறுத்திப் படித்தாள். ஒரு பாட்டுக்கு இரண்டு பேர் பெயர் கிடைத்தது. ஆள் யாரென்று உறுதியாகத் தெரியாமல் கையெழுத்துப் போட முடியாது என்று அந்தப் பாட்டையும் எடுத்துவிட்டாள். பதினெட்டு நின்றது. மனுவில் கடைசியில் வருவது பாட்டில் கடைசியில் வந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள், அதற்குள் கை தட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அதனால் முதல் திரையிலேயே, முன்னிசை ஓடும்போதே வருகிற மாதிரி அடித்தாள். பழக்க தோஷம், விரல் தானாகவே 'இப்படிக்கு' என்று அடித்துவிட்டது. அதற்குக் கீழே எழுதியவர் பெயர், அதற்குக் கீழே இசையமைத்தவர் பெயர். மாற்றலாமா என்று யோசித்தாள். சரியாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை பெண்ணழைப்பு முடிந்து மணமக்கள் மேடை ஏறியதும், மலர்விழி மைக்கில் பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டாள். மலை ஜனம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. புது வேட்டி விறைக்க அவர் மேலே வந்தார். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போனவரல்ல. பெரியவரான பிறகு அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றவர். எழுத்து எங்கே கண்ணில் பட்டாலும், பஸ் பலகையோ பல்பொடிப் பொட்டலமோ, வாய்விட்டுப் படித்துவிடுவார். மலர்விழிக்கு அது தெரியாது.

முன்னிசை தொடங்கியது. திரையில் பெயர்கள் வந்தன. பொன்னுரங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணை மூடாமல், கையை நீட்டி, ராகத்தோடு பாட ஆரம்பித்தார். "இப்படிக்கு..." என்று இழுத்தார். அப்புறம் பாட்டை எழுதியவர் பெயரை எழுத்து எழுத்தாக, ஒரு சங்கதி வைத்துப் பாடினார். இசையமைத்தவர் பெயரை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிப் பாடினார். அதற்குள் பல்லவி பாதி ஓடிவிட்டது. அவர் நின்று மலர்விழியைப் பார்த்தார்.

கீழே மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் சிரித்தார்கள். மலர்விழியும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்த மண்டபத்தில் எத்தனையோ தடவை அந்தப் பாட்டு பாடப்பட்டிருக்கிறது. அதை எழுதியவர் பெயரை அங்கே ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"தப்பாப் பூடுச்சாம்மா?" என்று பொன்னுரங்கம் மைக்கிலேயே கேட்டார்.

"இல்லிங்கய்யா. சரியாத்தான் பாடுனீங்க. மொதல்ல இருந்து வைக்கிறேன், நீங்க பாடுங்க."

பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டாள். அந்தத் திரைக்கு அவள் நிறமாற்றம் எதுவும் வைத்திருக்கவில்லை. பெயர்கள் வெள்ளையாகவே நின்றன. பொன்னுரங்கம் அவற்றை ஒரு மாதம் பயிற்சி எடுத்தவர் போல நிதானமாகப் பார்த்து, இரண்டாம் தடவையும் இப்படிக்கிலிருந்துதான் தொடங்கினார். இந்த முறை மனைவி ரங்கம்மாவும் முன்வரிசை ஜனமும் சேர்ந்து பாடினார்கள்.